கடன் வாங்கிய அளவுகோல்: புருசெல்லா கிருமிக்கு மருந்துச் சோதனை

நோயாளியிடம் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் யாராக இருந்தாலும் கண் போவது அடிப்பகுதிக்குத்தான். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர்கள், எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் மருந்து கேட்கும். ‘ஆர்’ என்றால் கேட்காது. நடுவில் ‘ஐ’ வந்தால் டாக்டர் கொஞ்சம் யோசிப்பார். சிறுநீர்த் தொற்றுக்கோ ஆறாத புண்ணுக்கோ எடுத்த கல்ச்சர் என்றால் இந்த எழுத்துகளைப் பார்த்து மருந்து எழுதலாம். எழுதுகிறார்கள்.

ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸில் அவ்வளவு சுலபம் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் ‘ரிஃபாம்பிசின் - ஆர்’ என்று வந்தால், கிருமி மாறிவிட்டதா என்று பதறுவதற்கு முன்னால், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பல ஆய்வகங்களில், பல ஆண்டுகளாக, அந்த அளவுகோல் புருசெல்லாவுக்கு உரியதே அல்ல. வேறொரு கிருமிக்காக, வேறொரு தேவைக்காகப் போட்ட கோட்டை இரவல் வாங்கி அளந்திருக்கிறார்கள்.

தொழுவத்திலிருந்து தொடங்குவோம்

நம்மூரில் மாடுகளுக்கு வரும் இந்த நோய்க்குக் கன்று வீச்சு நோய் என்று பெயர். ஐந்து மாதம் தாண்டிய சினை. வெளியில் பார்த்தால் மாட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் தொழுவத்துக்குப் போனால் கன்று செத்துக் கிடக்கும், நஞ்சுக்கொடி விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுக்கக் கையை உள்ளே விடுபவர் மாட்டுக்காரராக இருக்கலாம், கால்நடை மருத்துவராக இருக்கலாம். தோள்வரை வரும் கையுறை போட்டிருந்தால் தப்பித்தார். ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை வகை உண்டு. புருசெல்லாவுக்கு அது விருந்துச் சாப்பாடு. அதனால் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் வடியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு போதும்.

பிறகு இரண்டு வாரமோ இரண்டு மாதமோ கழித்து, மாலையானால் காய்ச்சல், இரவில் போர்வை நனையும் அளவு வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. சில ஆண்களுக்கு விரை வீங்கும். காய்ச்சல் தானாக விடும், மறுபடி வரும். முதுகெலும்பில் போய் உட்கார்ந்தால் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்ப்பவர் முதலில் நினைப்பது எலும்புக் காசநோயை. இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் நம்மை ஒரு பெரிய வாசலில் காப்பாற்றுகிறது. உலகின் பல பகுதிகளில் காய்ச்சாத பாலும் அதில் செய்த பச்சைப் பாலாடைக்கட்டியும்தான் முக்கிய வழி. 1887இல் மால்டா தீவில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார். அது எங்கிருந்து வந்தது என்பது தெரிய இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. 1905இல் தெமிஸ்டோக்லஸ் சம்மிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான், நோயின் சுவடே தெரியாத ஆடுகள் கிருமியைச் சுமந்து பாலில் இறக்கிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சல் சட்டென்று குறைந்தது. ஆட்டில் வரும் வகைக்கு மெலிட்டென்சிஸ் என்று பெயர். மால்டாவின் பழைய லத்தீன் பெயர் மெலிட்டா. மனிதரை அதிகம் வாட்டுவது இந்த வகைதான். மாட்டில் வரும் அபார்ட்டஸ் சற்றுத் தணிந்தது.

கிருமி கையில் கிடைத்தால்தானே

மருந்து கேட்குமா என்று சோதிக்க முதலில் கிருமி உயிரோடு வேண்டும். புருசெல்லோசிஸில் அதுவே பாதி நேரம் நடப்பதில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு நோய் உறுதியாவது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்து. ரோஸ் பெங்கால் சோதனை என்று ஒன்று உண்டு. இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய செத்த கிருமிக் கரைசல் ஒரு சொட்டு, நோயாளியின் சீரம் ஒரு சொட்டு, கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால் திரிதிரியாகத் திரண்டு வரும். மலிவு, வேகம். ஆனால் அதில் நோயாளியின் உடல் கிருமியை நினைவு வைத்திருப்பது மட்டும்தான் தெரியும். கிருமி நம் கைக்கு வராது.

ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் போட்டால் சில நாட்களில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், இயந்திரம் மணியடிக்கும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் கூடும். அந்தத் திரவத்தில் ஒரு துளியைச் சாயமிட்டுப் பார்த்தால், மைக்ராஸ்கோப்பில் சலித்த மணலைத் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். அவ்வளவு சிறிய கிருமி. பழகிய கண்ணுக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் ஆபத்து. மறுநாள் கிருமி வளர்க்கும் பிளேட்டில் ஊசிமுனை அளவு காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், மங்கலாகத் தெரியும். ‘என்ன இது’ என்று மூடியைத் திறந்து, மேசையில் வைத்தே கிளறிப் பார்ப்பார்கள். சிலர் மோந்தும் பார்ப்பார்கள். வாசனையை வைத்துக் கிருமியை அடையாளம் காண்பது பழைய ஆய்வகக்காரர்களின் பெருமைகளில் ஒன்று. புருசெல்லாவில் அந்தப் பெருமை வேண்டாம். காற்றில் கலந்த 10 முதல் 100 கிருமிகள் மூச்சில் போனால் போதும், நோய் வரும். ஆய்வக ஊழியர்களுக்குத் தொற்றும் பாக்டீரியாக்களில் முதல் வரிசையில் இருப்பது இதுதான். 2019இல் சீனாவின் லான்ஜோ நகரில் கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்றில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால் வெளியேறும் காற்று சுத்தமாகாமல் போனது. காற்று வாக்கில் இருந்தவர்களில் 10,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது.

இயந்திரங்களும் ஏமாற்றும். தானியங்கி அடையாளக் கருவிகளில் சில, பட்டியலில் புருசெல்லா இல்லாததால், அதற்கு நெருங்கிய பெயரைப் போட்டுவிடும். ஆக்ரோபாக்ட்ரம் என்று வருவது வாடிக்கை. அது மண்ணில் வாழும், அதிகம் தொல்லை தராத சொந்தக்காரக் கிருமி. போதாக்குறைக்கு 2020இல் மரபணு ஒற்றுமையைக் காட்டி ஆக்ரோபாக்ட்ரம் இனத்தையே புருசெல்லாவோடு சேர்த்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். வகைப்பாட்டுக்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘புருசெல்லா ஆந்த்ரோபி’ என்று பார்த்ததும் ஆய்வகம் முழுக்கக் காய்ச்சல் பார்க்க ஓடுவதா, சும்மா இருப்பதா என்று தவிக்கும் மைக்ரோபயாலஜிஸ்டுகள் அப்படி நினைக்கவில்லை. பெயர் மாற்றத்துக்குக் கண்டனம் பலமாகவே எழுந்தது.

மருந்துச் சோதனை இந்த ஆபத்தைக் கூட்டத்தான் செய்கிறது. காலனிகளை உப்புநீரில் கரைத்து, கலக்கி, கலங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து எடுத்துக் குழிகளில் ஊற்ற வேண்டும். அந்தக் கலங்கலுக்கு மெக்ஃபர்லண்ட் 0.5 என்று ஓர் அளவு உண்டு. மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடிக் கிருமிகள். அதைக் குலுக்கும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத சாரல்தான் எமன். எனவே சாதாரண ஆஸ்பத்திரி ஆய்வகம் புருசெல்லா என்று சந்தேகம் வந்த நொடியே கையை எடுத்துவிட்டு, மூன்றாம் நிலைப் பாதுகாப்பு உள்ள மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. அங்கே போய், வளர்த்து, சோதித்து, பதில் வருவதற்குள் நோயாளிக்கு மருந்து தொடங்கி வாரங்கள் ஓடியிருக்கும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்

சாதாரணக் கிருமிகளுக்கு நடைமுறை எளிது. கிருமி வளர்க்கும் முல்லர்-ஹிண்டன் என்ற ஊடகத்தை நான்கு மில்லிமீட்டர் தடிமனில் பிளேட்டில் ஊற்றி, கிருமியைப் புல்வெளி போலப் பூசி, மருந்து ஏற்றிய காகித வட்டுகளை வைத்தால் மறுநாள் காலை ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் ஒரு தெளிந்த வளையம். வளையத்தின் விட்டத்தை ஸ்கேலில் அளந்தால் வேலை முடிந்தது. 1966இல் பாவரும் கிர்பியும் சகாக்களும் இதை ஒழுங்குபடுத்தி எழுதிய பிறகு உலகம் முழுக்க இதே முறை.

புருசெல்லா இந்த ஊடகத்தில் சரியாக வளராது. மெதுவாக வளரும் கிருமிக்கு வட்டிலிருந்து மருந்து பரவும் வேகமும் பொருந்தி வராது. அதனால் அமெரிக்கத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. சொல்வது வேறு முறை: புருசெல்லாவுக்கென்றே உள்ள திரவ ஊடகம், அமிலத்தன்மை (pH) 7.1இல் நிறுத்த வேண்டும், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி, 48 மணி நேரம். மருந்தை ஒவ்வொரு குழியிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள்: மில்லிலிட்டருக்கு 4, 2, 1, 0.5, 0.25 மைக்ரோகிராம். எந்தக் குழியில் கிருமி வளராமல் தெளிந்த நீர் நிற்கிறதோ, அதில் மிகக் குறைந்த அளவே அந்த மருந்தின் எம்.ஐ.சி. - கிருமியின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான குறைந்தபட்ச அளவு.

இதிலும் ஒரு முடிச்சு. அபார்ட்டஸ் வகையில் சில, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக இருந்தால்தான் வளரும். அந்த வாயு ஊடகத்தில் கரைந்தால் அமிலம் ஏறும். அமிலம் ஏறினால் ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை பலம் குறைந்ததாகவும், டெட்ராசைக்ளின் வகை பலம் கூடியதாகவும் காட்டும். பெரும்பாலும் ஒரு படி வித்தியாசம். கிருமி அதே கிருமிதான், இன்குபேட்டரின் வாயு மாறியதால் எண் மாறுகிறது.

ஐரோப்பியத் தர அமைப்பான யூகாஸ்ட், அண்மை ஆண்டுகளில், குதிரை ரத்தம் சேர்த்த முல்லர்-ஹிண்டன் ஊடகத்தில் புருசெல்லாவைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. எளிதில் வளராத மற்றக் கிருமிகளுக்கு ஏற்கெனவே இருக்கும் ஊடகம் அது, தனியாக எதையும் வாங்க வேண்டாம். இது பரவினால் நாட்டுக்கு நாடு எண்களை ஒப்பிடுவது கொஞ்சம் எளிதாகும்.

கோட்டை எங்கே போடுவது

எம்.ஐ.சி. என்பது வெறும் எண். அதை எஸ், ஆர் என்ற எழுத்தாக மாற்ற ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டைப் போட மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இயல்பான கிருமிகளின் எண்கள் எங்கிருந்து எங்குவரை பரவிக் கிடக்கின்றன? மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் மருந்து எவ்வளவு ஏறுகிறது? எந்த எண்ணுக்கு மேல் உள்ள கிருமி பிடித்தவர்கள் மருந்து சாப்பிட்டும் குணமாகவில்லை?

மூன்றாவது கேள்விக்குப் புருசெல்லாவில் பதில் சொல்ல ஆளில்லை. எதிர்ப்புப் பெற்ற கிருமி அத்தனை அரிது. அதனால் சி.எல்.எஸ்.ஐ. இந்தக் கிருமிக்கு ‘எஸ்’ என்ற ஒரே கோட்டை மட்டும் போட்டது. டாக்சிசைக்ளினுக்கு 1 மைக்ரோகிராம் வரை எஸ், ஜென்டாமைசினுக்கு 4 வரை எஸ். அதைத் தாண்டினால் என்ன என்று அது சொல்லவில்லை. அப்படி ஒன்று வந்தால் மறுபடி சோதித்துப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். ரிஃபாம்பிசினுக்கு அந்த ஒரு கோடும் இல்லை.

ஆனால் ரிஃபாம்பிசின் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்து. சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கையில் எண் இருந்தது, எழுத்தாக மாற்றக் கோடு இல்லை. என்ன செய்தார்கள்? ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சே என்ற கிருமிக்குப் போட்டிருந்த கோட்டை எடுத்துக்கொண்டார்கள்: 1 வரை எஸ், 2 என்றால் ஐ, 4இலிருந்து ஆர். மெதுவாக வளரும் கிருமி, அதுவும் இதுவும் ஒரே மாதிரி என்பது நியாயம். சரி. ஆனால் ஹீமோபிலஸுக்கு அந்தக் கோடு எதற்காக வந்தது என்று பாருங்கள். குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்த வீட்டில், உடனிருப்பவர்களின் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியை நாலைந்து நாள் மாத்திரையால் துடைத்தெடுப்பதற்கு. முற்றிய நோய்க்குச் சிகிச்சை கொடுக்க இந்தக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே பட்டியலில் குறிப்பே இருக்கிறது. அதை எடுத்து வந்து, வெள்ளணுவுக்குள் ஒளிந்து ஆறு வாரச் சிகிச்சை கேட்கும் கிருமிக்கு வைத்தார்கள்.

விளைவு என்ன? மருந்து ஏதும் பார்க்காத, இயல்பான புருசெல்லாவுக்கே ரிஃபாம்பிசின் எண் 0.5, 1, 2 என்ற இடங்களில்தான் குவிந்திருக்கிறது. அதாவது இரவல் கோடு கூட்டத்துக்கு நடுவில் போய் விழுகிறது. அளக்கும் முறையிலோ ஒரு படி மேலே கீழே போவது சகஜம், அதைப் பிழையென்று யாரும் எண்ணுவதுகூட இல்லை. இன்று 1 காட்டிய கிருமி நாளை 2 காட்டும். இன்று எஸ், நாளை ஐ.

எம்.ஐ.சி. பட்டையைப் படிப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மருந்து ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனைக்குப் போகப் போகக் குறைவாகவும் ஏற்றிய ஒரு பிளாஸ்டிக் பட்டை. பிளேட்டில் வைத்து 48 மணி நேரம் கழித்து எடுத்தால் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு வெறுமை. அது பட்டையைத் தொடும் இடத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். புருசெல்லாவில் அந்த விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்காது. பனிமூட்டம் போல மெல்ல மெல்லத் தேயும். ஒருவர் மூட்டம் தொடங்கும் இடத்தைப் படிப்பார், இன்னொருவர் முழுக்கத் தெளிந்த இடத்தைப் படிப்பார். இருவருமே நேர்மையானவர்கள். ஒருவர் ரிப்போர்ட்டில் 1, மற்றவர் ரிப்போர்ட்டில் 2.

இப்படித்தான் எகிப்து முதலிய நாடுகளிலிருந்து ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு கூடிவிட்டதாக ஆய்வுகள் வந்தன. 1999 முதல் 2007 வரை எகிப்தில் சேகரித்த கிருமிகளைச் சோதித்தவர்கள் நேர்மையாக, ‘எதிர்ப்பாக இருக்கக்கூடும்’ என்றே எழுதினார்கள். எடுத்துச் சொன்னவர்களில் பலர் அந்தக் ‘கூடும்’ என்பதை விட்டுவிட்டார்கள்.

உண்மையான எதிர்ப்பு எப்படி இருக்கும் என்பதும் தெரியாத ஒன்றல்ல. ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் ரிஃபாம்பிசின் ஒட்டும் இடமே போய்விடும். காசநோயில் நடப்பது இதுதான். ஆய்வகத்தில் புருசெல்லாவை வேண்டுமென்றே இந்த மருந்தில் வளர்த்துப் பழக்கி எடுத்த கிருமிகளில், எண் ஒரு படி ஏறி நிற்காது, பல படி தாவிவிடும். எனவே 2 அல்லது 4 என்று காட்டிய கிருமியை ‘ஆர்’ என்று அச்சிடும் முன் அந்த மரபணுவைப் படித்துப் பார்ப்பது நியாயமான காரியம். அதில் மாற்றம் இல்லையென்றால் சந்தேகம் அளவுகோலின் மேல்தான் விழ வேண்டும்.

வேண்டுமென்றே வளர்த்த எதிர்ப்பு

எதிர்ப்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய புருசெல்லாவும் உண்டு. அவை தடுப்பூசிகள். ஆடுகளுக்குப் போடும் ரெவ்.1, 1950களில் உருவானது. ஸ்ட்ரெப்டோமைசின் அதற்குக் கேட்காது. அமெரிக்காவில் 1990களிலிருந்து மாடுகளுக்குப் போடும் ஆர்.பி.51, ரிஃபாம்பிசின் கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து எடுத்தது. அந்த மருந்துக்கு அசையாது. இரண்டும் உயிருள்ள தடுப்பூசிகள். ஊசி போடும்போது கால்நடை மருத்துவரின் விரலில் குத்திக்கொண்டால் கிருமி உள்ளே போகும்.

2017இல் டெக்சாஸில் காய்ச்சாத பால் குடித்த ஒருவருக்கு இந்த ஆர்.பி.51 தொற்றியது. அடுத்து நியூ ஜெர்சி, நியூ யார்க். தடுப்பூசி போட்ட மாடு அபூர்வமாகப் பாலில் அந்தக் கிருமியை இறக்கும். வழக்கமான டாக்சிசைக்ளின்-ரிஃபாம்பிசின் ஜோடி கொடுத்தால் பாதி மருந்து வீண். இன்னொரு கோணல்: ஆர்.பி.51 வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அதன் மேலுறையில் அந்தச் சோதனை தேடும் பொருள் இல்லாதபடி உருவாக்கியிருக்கிறார்கள். மாட்டுக்குத் தடுப்பூசி போட்டதா நோய் வந்ததா என்று பிரித்தறிய அது வசதி, மனிதருக்கு வந்தால் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க வழியில்லை. கல்ச்சரும் மருந்துச் சோதனையும் நிஜமாகவே சிகிச்சையை மாற்றும் இடம் இது.

இந்தியாவில் போடுவது எஸ்-19. தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019இல் தொடங்கியதிலிருந்து 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதைப் போடுகிறார்கள். 1923இல் ஒரு மாட்டுப் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆய்வகத்தில் மறந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து வீரியம் இழந்து தடுப்பூசியான கதை அதற்கு. பென்சிலின் சேர்த்த ஊடகத்தில் அது வளராது, காட்டுவகை, அதாவது மாட்டில் நோய் தரும் இயல்பான கிருமி, வளரும். கன்று வீசிய மாட்டில் கிடைத்தது நோய்க்கிருமியா தடுப்பூசிக் கிருமியா என்று பிரிக்க அதையும் ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். மருந்துச் சோதனை இங்கே அடையாள அட்டை வேலை பார்க்கிறது.

பிளேட்டில் கேட்கும், ஆளுக்குக் கேட்காது

எண் சரியாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பாதிக் கதைதான். சிப்ரோஃபிளாக்சசின் பிளேட்டில் புருசெல்லாவை நன்றாகவே அடக்கும். 1980களின் கடைசியில் அதைத் தனியாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது. பிறகு பலருக்குத் திரும்பி வந்தது. நேர்மாறாக, ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் நம் செல்களுக்குள் சரியாக நுழையக்கூட மாட்டா; ஆனால் டாக்சிசைக்ளினோடு ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த ஜோடிக்குத்தான் நோய் திரும்புவது குறைவு.

காரணம் கிருமி குடியிருக்கும் இடம். கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே புருசெல்லா ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுகிறது. அந்த அறை அமிலமானது. சில மருந்துகள் அங்கே போவதில்லை, சில போய்ச் சேர்ந்தாலும் அமிலத்தில் மழுங்கிவிடுகின்றன. டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் உள்ளே போய் வேலை செய்யும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்து, ரத்தத்தில் திரியும் கிருமிகளைத் தொடக்கத்திலேயே கொன்று கூட்டத்தைக் குறைக்கிறது. 7.1 என்று அமிலத்தன்மையை நிறுத்தி வைத்த கண்ணாடி போன்ற திரவத்தில் அளந்த எண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அதனால்தான் ஆறு வாரம். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் ஆறு வாரம்; கூடவே இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அல்லது ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஜென்டாமைசின், அல்லது ஆறு வாரமும் ரிஃபாம்பிசின். 1986இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஏற்பாட்டின் எலும்புக்கூடு இன்றும் இதுதான். இவ்வளவு செய்தும் நூற்றில் 5 முதல் 15 பேருக்கு நோய் திரும்புகிறது. அப்படித் திரும்பியவர்களிடம் கிருமியை மறுபடி எடுத்துச் சோதித்தால், பெரும்பாலும் முதலில் இருந்த அதே எண்கள். மருந்துக்கு அது பழகியிருக்கவில்லை, மருந்து எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது. அல்லது பத்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரை நின்றிருக்கிறது.

ரிஃபாம்பிசின் ஜோடியில் இன்னொரு குறை: அது கல்லீரலைத் தூண்டி டாக்சிசைக்ளினை வேகமாகக் கரைத்துவிடும். கூட வந்தவரே சோற்றில் கை வைக்கிற மாதிரி. ஆனால் நம் நாட்டில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை காசநோய். முதலில் சொன்ன முதுகெலும்புக் குழப்பத்தை நினைத்துப் பாருங்கள். காசநோயைப் புருசெல்லோசிஸ் என்று தப்பாக நினைத்தோ, இரண்டும் சேர்ந்திருப்பதைக் கவனிக்காமலோ ஆறு வாரம் ரிஃபாம்பிசின் கொடுத்தால், காசநோய்க் கிருமியின் பார்வையில் அது ஒற்றை மருந்துச் சிகிச்சை. எதிர்ப்பை வளர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதனால் இங்கே ஊசி மருந்தோடு கூடிய ஜோடியை முதலில் எடுப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசினுக்கு நேரே எஸ் இருந்தாலும்கூட.

எதிர்ப்பு ஏன் பரவவில்லை

மற்றக் கிருமிகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு காட்டுத்தீயாகப் பரவும் காலத்தில் புருசெல்லா மட்டும் எப்படித் தப்பியது? ஈ.கோலியும் சால்மோனெல்லாவும் குடலில், ஆயிரம் வகைக் கிருமிகளுக்கு நடுவே, சந்தைக்கடை போல வாழ்கின்றன. எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் வைத்துக் கைமாற்றிக்கொள்கின்றன. புருசெல்லா செல்லுக்குள் தனிக்குடித்தனம். இயற்கையில் கிடைக்கும் புருசெல்லாவில் பிளாஸ்மிட் கிடையாது. எதிர்ப்பு வர வேண்டுமென்றால் அதன் சொந்த மரபணு தானாகப் பிறழ வேண்டும். அப்படி ஒரு நோயாளியின் உடம்பில் பிறழ்ந்தாலும், அந்தக் கிருமி போக இடமில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவது மிக அரிது. மாட்டுக்குத் திரும்பிப் போவதும் இல்லை. நோயாளியோடு அந்தக் கிளை முடிந்துவிடும்.

ஆக, நிலைத்து நிற்கும் எதிர்ப்பு தோன்ற வேண்டுமானால் அது மாட்டிலும் ஆட்டிலும்தான் தோன்ற வேண்டும். புருசெல்லோசிஸுக்கென்று மாட்டுக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பலனில்லை. பல நாடுகளில் அந்த மாட்டைக் கொன்றுவிடுவார்கள், இங்கே அது பெரும்பாலும் நடக்காது. ஆனால் நஞ்சுக்கொடி விழாததற்கும், கருப்பைச் சீழுக்கும், வேறு காய்ச்சலுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி நம் தொழுவங்களில் சர்வசாதாரணம். டாக்சிசைக்ளினின் குடும்பத்து மருந்து அது. ரிஃபாம்பிசின் எண்ணைப் பற்றி இத்தனை ஆய்வுகள் வந்திருக்க, நான் பயந்து பார்க்க வேண்டியது டாக்சிசைக்ளின் எண்ணை என்பேன். அது 1ஐத் தாண்டினால் மாற்றாக வைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த எண்ணை நோயாளியின் ரத்தத்தில் மட்டும் தேடினால் போதாது, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் தேட வேண்டும். அங்கிருந்து மாதிரி ஆய்வகத்துக்குப் போவது அபூர்வம். பெரும்பாலும் எருக்குழிக்கோ நாய் வாய்க்கோதான் போகிறது.

மாடு அடுத்த சினையைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும். நல்ல கன்றே போடும். வீட்டுக்காரருக்கும் பழைய விஷயம் மறந்துபோயிருக்கும். கிருமி மட்டும் பாலிலும் ஈற்று நீரிலும் வந்துகொண்டிருக்கும்.